சொல்லாத பெயர் நில்லாது: எல்டிஓவும் வரையறை இல்லாப் பெயர்களும்

எல்டிஓ எனப்படும் இணைப்பு நேரச் செம்மையாக்கத்தை இயக்கியவுடன், அதுவரை சிக்கலின்றி உருவாகிவந்த நிரல் லிங்கர் கட்டத்தில் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்ற பிழையோடு நின்றுவிடுவது உண்டு. மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது, லைப்ரரிகளும் அவையேதான். அந்த நேரத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எல்டிஓவை அணைத்துவிடுகிறார்கள், அல்லது பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று லிங்கருக்கே கட்டளையிடுகிறார்கள். இரண்டுமே நோயை விட்டுவிட்டு நோய்க்குறியை அடக்கும் வேலை. வரையறை இல்லாத ஒரு பெயர், நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் என்ன கேட்கிறது என்பதற்கான எழுத்துச் சான்று. எல்டிஓவில் அந்தச் சான்றைப் படித்துத்தான் எந்த ஃபங்ஷனை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று கம்பைலர் முடிவு செய்கிறது. லிங்கரால் படிக்க முடிந்த வடிவில், உரிய நேரத்துக்குள் சொல்லப்படாத தேவை நிலைக்காது. இந்த இயல் நிறுவ முயல்வது இதைத்தான். தீர்வுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் படிக்கும் புதுச்சேரி மாணவருக்கு இது தொலைதூர விஷயம் இல்லை. லினக்ஸ் வெளியீடுகளான ஓப்பன்சூசே டம்பிள்வீட் 2019இலும், ஃபெடோரா 33 பதிப்பு 2020இலும் தங்கள் பொதிகளை எல்டிஓவோடு உருவாக்குவதை இயல்புநிலை ஆக்கிவிட்டன. லினக்ஸ் கெர்னல் 2021இல் வந்த 5.12 பதிப்பிலிருந்து எல்எல்விஎம் குடும்பத்துக் கம்பைலரான கிளாங் வழியான எல்டிஓவை ஏற்கிறது. வன்பொருள் பக்கம் பார்த்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கி.மீ. வடக்கே உள்ள சென்னை ஐஐடியில் உருவான சக்தி என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலி இருக்கிறது. அதன் அடிப்படையில் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட ஐரிஸ் என்ற விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இஸ்ரோ பெற்றுக்கொண்ட விக்ரம் 3201 செயலிக்கு ஏடா கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் எல்லாம் இஸ்ரோவிலேயே எழுதப்பட்டன. இந்நாட்டில் லிங்கரைப் பயன்படுத்துவோர் மட்டுமல்லாமல், லிங்கரை எழுதுவோரும் தேவைப்படும் காலம் இது. நினைவகம் குறைந்த சில்லுகளில் ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்கு என்பதால் எல்டிஓவின் ஈர்ப்பு அங்கே இன்னும் கூடுதல்.

எல்டிஓ இல்லாதபோது நடப்பது

முதலில் பழைய வழியைத் தெளிவாக்கிக்கொள்வோம். கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே எந்திர மொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் கோப்பாகத் தருகிறது. அந்தக் கோப்பில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும்: நான் வரையறுத்திருப்பவை இவை, எனக்கு வெளியிலிருந்து தேவைப்படுபவை இவை என்று. தேவைப்படுபவைதான் வரையறை இல்லாத பெயர்கள். லிங்கர் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தேவைகளையும் வரையறைகளையும் பொருத்துகிறது. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் கோப்புகளின் மூட்டை. அதிலிருந்து, அந்தக் கணத்தில் யாராவது கேட்டிருக்கும் பெயரை வரையறுக்கும் உறுப்பை மட்டுமே லிங்கர் வெளியே எடுக்கும். கிடைத்தால் போதும் என்று குறிக்கப்பட்ட வீக் வகைத் தேவை ஓர் உறுப்பை வெளியே இழுக்காது. வரையறை கிடைக்காவிட்டால் அதன் முகவரி சுழி என்று வைக்கப்படும். இங்கே முக்கியமானது ஒன்று: எந்திர மொழி ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டதால், தேவைப் பட்டியல் முழுமையானது. இணைப்பு தொடங்கிய பிறகு புதிய பெயரைக் கேட்க யாரும் இல்லை. உள்ளே எடுத்த உறுப்பு இன்னொன்றைக் கேட்கலாம். அந்தக் கேள்வியும் அதன் பட்டியலில் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

வரிசை மாறும் இடம்

எல்டிஓவில் கம்பைலர் எந்திர மொழிவரை போவதில்லை. ஜிசிசி தன் இடைநிலை வடிவத்தையும், எல்எல்விஎம் தன் பிட்கோடையும் கோப்பில் எழுதிவைத்துவிடுகின்றன. எந்திர மொழி பிறப்பது லிங்கர் எல்லாக் கோப்புகளையும் பார்த்த பிறகே. இதற்காக ஜிசிசியின் பக்கம் லிங்கர் பிளகின் என்ற இடைமுகம் உள்ளது. ஜிசிசியில் எல்டிஓ முதலில் வெளியானது 2010இல் வந்த 4.5 பதிப்பில்தான். லிங்கர் ஒரு கோப்பைத் திறந்து, இது உன்னுடையதா என்று பிளகினைக் கேட்கிறது. தன்னுடையது என்றால் பிளகின் அதிலுள்ள பெயர்களை லிங்கரிடம் பதிவு செய்கிறது. எல்லாப் பெயர்களும் படித்து முடிந்ததும் லிங்கர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தீர்ப்பு எழுதுகிறது: இந்த வரையறை வெல்கிறது, வெளியேயும் தேவை; இது வெல்கிறது, ஆனால் இடைநிலைக் கோப்புகளுக்குள் மட்டுமே கேட்கப்படுகிறது; இது வேறொன்றால் விலக்கப்பட்டது; இது பகிர்வு லைப்ரரியில் கிடைக்கிறது; இதற்கு வரையறையே இல்லை. எல்எல்விஎம்மின் லிங்கரான எல்எல்டியும் இதே கேள்விகளுக்கு வேறு சொற்களில் விடை தருகிறது. சாதாரண ஆப்ஜெக்ட் கோப்பு இப்பெயரைக் கேட்கிறதா என்பது அவற்றுள் தலையானது.

இந்தத் தீர்ப்புகளின் மேல்தான் கம்பைலர் தன் துணிவை எல்லாம் வைக்கிறது. உள்ளே மட்டுமே கேட்கப்படுகிறது என்ற தீர்ப்பு வந்தால் அந்த ஃபங்ஷனை உள்ளகமாக்கும்; அழைக்கும் இடத்திலேயே கரைக்கும்; அளபுருக்களை மாற்றும்; அழைப்பே இல்லாவிட்டால் அழித்துவிடும். யாரும் பேர் சொல்லிக் கேட்கவில்லை என்ற மௌனமே இங்கே விடையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. புதுச்சேரி இந்த வகை ஏற்பாட்டைத் தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்படைப்பு உடன்படிக்கையின்படி, இம்மண்ணில் பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. மனத்தில் விருப்பம் இருந்ததா என்பது கேள்வியாகவில்லை. கெடுவுக்குள் எழுத்து வந்ததா என்பதே கேள்வி. எல்டிஓவின் கெடு, எல்லாப் பெயர்களும் படிக்கப்பட்ட கணம்.

கெடு முடிந்த பிறகு பிறக்கும் பெயர்கள்

இப்போது சிக்கலின் நடுப்பகுதிக்கு வருகிறோம். கெடுவுக்குப் பிறகுதான் எந்திர மொழி எழுதப்படுகிறது. எழுதும்போது மூல நிரலில் இல்லாத பெயர்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஓர் அணியைச் சுழியால் நிரப்பும் சுழற்சியைக் கம்பைலர் அடையாளம் கண்டு மெம்செட் அழைப்பாக மாற்றும். பெரிய ஸ்ட்ரக்சர் ஒன்றை இன்னொன்றில் இட்டால் மெம்காப்பி பிறக்கும். வரி முடிவோடு ஒரு சரத்தை மட்டும் அச்சிடும் பிரின்ட்எஃப், புட்ஸ் ஆகும். பெருக்கல் கட்டளைகளைத் தரும் ‘எம்’ நீட்சி இல்லாத 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் சில்லில், மூலத்தில் வெறும் பெருக்கல் குறி இருக்கும் இடத்தில் ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியின் பெருக்கல் ஃபங்ஷனுக்கு அழைப்பு வரும். 64 பிட் எண்ணை வகுத்தால் வகுத்தல் ஃபங்ஷன் வரும். பிட்கோடில் இவை வெறும் பெருக்கல், வகுத்தல் செயல்கள்; எந்தப் பெயர்ப் பட்டியலிலும் இல்லை. ஆகவே லிங்கர் தீர்ப்பு எழுதியபோது இவற்றை யாரும் கேட்டிருக்கவில்லை.

இப்பெயர்களின் வரையறை எந்திர மொழி ஆப்ஜெக்டாக லைப்ரரியில் இருந்தால் சிக்கல் சிறியது. எல்டிஓ முடிந்த பின் லிங்கர் அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஜிசிசி இதற்காகவே லிப்ஜிசிசி, லிப்சி ஆகியவற்றின் பெயர்களைப் பிளகினிடம் தனியாகக் கொடுத்தனுப்புகிறது; எல்டிஓவின் விளைவுக் கோப்புகளுக்குப் பின்னால் பிளகின் அவற்றை மீண்டும் ஒருமுறை இணைப்பில் சேர்க்கிறது. ஆனால் வரையறையே பிட்கோடாக இருந்தால்? அதைச் சேர்க்க வேண்டுமானால் மீண்டும் எல்டிஓ ஓட வேண்டும். அந்தக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. எல்எல்டியின் ஏற்பாடு இதை நேராக எதிர்கொள்கிறது. கம்பைலர் தானாகப் பிறப்பிக்கக்கூடிய ஃபங்ஷன்களின் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. அவற்றுள் எவற்றின் வரையறை லைப்ரரியில் பிட்கோடாக உள்ளதோ, அவற்றை யாரும் கேட்காவிட்டாலும் எல்டிஓவுக்கு முன்பே வெளியே எடுத்து, அழிக்கப்படாமல் காக்கிறது. எந்திர மொழியில் உள்ளவற்றைத் தேவை எழும்வரை தொடுவதில்லை.

எல்லாவற்றையும் முன்கூட்டியே இழுத்துவைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கான விடை எல்எல்டியின் மூல நிரல் குறிப்பிலேயே இருக்கிறது. 32 பிட் ஆர்ம் எந்திரத்தில் லிப்ஜிசிசியின் 64 பிட் அணு ஒப்பீட்டு ஃபங்ஷனை உள்ளே இழுத்தால், அதனோடு நிரலின் தொடக்கத்தில் ஓடும் ஒரு சோதனையும் ஒட்டிக்கொண்டு வரும். கெர்னலில் அந்த வசதி இல்லையென்றால் அச்சோதனை நிரலையே நிறுத்திவிடும். அந்த ஃபங்ஷனை நிரல் ஒருமுறைகூட அழைக்காவிட்டாலும் இது நடக்கும். கேட்காததைக் கொடுப்பதும் தீங்குதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லிங்கரின் கண்ணுக்கு எட்டாத தேவைகள்

பின்னால் பிறக்கும் பெயர்கள் ஒரு வகை. முன்பே இருந்தும் தெரியாத தேவைகள் இன்னொரு வகை. இவற்றைத் திருத்துவது நிரலாளரின் கையில் இருப்பதால் இவற்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில்லுகளுக்கு எழுதும் நிரலில் குறுக்கீட்டைக் கையாளும் ஃபங்ஷன் சி மொழியில் இருக்கும். அதை அழைப்பது அசெம்ப்ளி. அந்த அசெம்ப்ளி தனிக் கோப்பாக இருந்தால் அது சாதாரண ஆப்ஜெக்டாக மாறும், அதன் தேவைப் பட்டியலை லிங்கர் படிக்கும், வெளியே கேட்கப்படுகிறது என்ற தீர்ப்பு போகும், ஃபங்ஷன் பிழைக்கும். அதே அசெம்ப்ளியைச் சி கோப்பின் மேல்மட்டத்தில் சரமாக எழுதிவைத்தால் கதை வேறு. ஜிசிசி அந்தச் சரத்துக்குள் பார்ப்பதில்லை. எல்எல்விஎம் தன் அசெம்ப்ளரைக் கொண்டு படித்துப் பெயர்களைப் பிரித்தெடுக்கிறது. ஆகவே ஒரே மூலம் கிளாங்கில் உருவாகி ஜிசிசியில் உடையலாம். பகிர்வு லைப்ரரிகளில் பெயர்ப் பதிப்புகளைக் குறிக்கும் சிம்வெர் கட்டளையைப் பலர் இப்படிச் சரமாக எழுதிவந்ததால் எல்டிஓவில் உடைந்தது. ஜிசிசி 10 பதிப்பு 2020இல் அதற்கெனத் தனி ஆட்ரிபியூட் ஒன்றைத் தந்தது. தேவையைக் கம்பைலருக்குப் புரியும் மொழியில் சொல்ல வழி செய்ததே அந்தத் திருத்தம்.

ஓடும் நேரத்தில் டிஎல்சிம் மூலம் பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடும் நிரல்களும் இதே இனம். சரத்துக்குள் இருக்கும் பெயர் லிங்கரின் பட்டியலில் வராது. முதன்மை நிரலில் உள்ள ஃபங்ஷனை, ஓடும்போது அதில் ஏற்றப்படும் ஒரு பிளகின் இப்படித் தேடினால், அது முன்பே அழிந்திருக்கும். பிழை வாடிக்கையாளரின் எந்திரத்தில் வெடிக்கும். இதற்கான மருந்து, அந்தப் பெயர்களை வெளிப்படுத்த வேண்டியவை என்று டைனமிக் பட்டியல் மூலம் லிங்கருக்குச் சொல்வது.

காணாமல் போகும் பிழை

எதிர்த்திசையிலும் ஒரு விளைவு உண்டு. ஒரு கோப்பில் உள்ள மாறிலியின் மதிப்பு சுழி. இன்னொரு கோப்பில் அந்த மதிப்பு உண்மையானால் மட்டும் நடக்கும் ஓர் அழைப்பு. அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு எங்கும் வரையறை இல்லை. எல்டிஓ இல்லாமல் இது பிழை. எல்டிஓவோடு, அழைப்பு ஒருபோதும் நடக்காது என்று கம்பைலர் கண்டு நீக்கிவிடும். லிங்கரிடம் வரும் எந்திர மொழியில் அந்தப் பெயரே இருக்காது. இதனால்தான் எல்டிஓவுக்கு முன் வரையறை இல்லாத பெயரைக் கண்டவுடன் லிங்கர்கள் கூச்சலிடுவதில்லை. இறுதி எந்திர மொழியில் எஞ்சியவற்றை மட்டுமே பிழையாகச் சொல்கின்றன. சரியான முடிவுதான். ஆனால் செம்மையாக்கத்தின் தயவில் உருவாகும் நிரல், கம்பைலர் பதிப்பு மாறினால் உடையும். எல்டிஓவோடு மட்டுமே உருவாகும் நிரலையும், எல்டிஓ இல்லாமல் மட்டுமே உருவாகும் நிரலையும் ஒரே அளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கண்டறியும் வரிசை

பிழை வந்தால் முதலில் அதே நிரலை எல்டிஓ இல்லாமல் உருவாக்கிப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் லைப்ரரி வரிசையோ விடுபட்ட கோப்போ காரணம். எல்டிஓவைக் குறை சொல்லத் தேவையில்லை. வராவிட்டால், பிழைச் செய்தியில் பெயரைக் கேட்கும் கோப்பு எது என்று பாருங்கள். ஜிசிசியில் ‘எல்ட்ரான்ஸ்’ என்றும் எல்எல்டியில் ‘எல்டிஓ’ என்றும் பெயரில் வரும் தற்காலிகக் கோப்பானால், கேட்பவர் எல்டிஓவில் பிறந்த எந்திர மொழி. அடுத்து லைப்ரரி மூட்டையைச் சோதியுங்கள். இடைநிலை வடிவம் மட்டுமே உள்ள கோப்புகளை, அவ்வடிவம் புரியாத ஏஆர் கருவியால் மூட்டை கட்டினால் பெயர் அட்டவணையே வெறுமையாகிவிடும். லிங்கர் அங்கே எதையும் காணாது. ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-என்எம், ஜிசிசி-ரான்லிப் என்ற கருவிகளும், எல்எல்விஎம்மின் இணைகளும் இருப்பது இதற்காகவே. அதன்பின் ட்ரேஸ்-சிம்பல் விருப்பத்தால் அந்தப் பெயர் எங்கெல்லாம் கேட்கப்படுகிறது, எங்கே வரையறுக்கப்படுகிறது என்று அச்சிடச் செய்யுங்கள். அதிலும் தெளியாவிட்டால் சேவ்-டெம்ப்ஸ் விருப்பத்தோடு ஓட்டி, லிங்கர் எழுதிய தீர்ப்புக் கோப்பைத் திறந்து அந்தப் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் ஊகத்தில் நேரம் செலவழிப்பதில்லை.

காரணத்துக்கேற்பவே மருந்து. சரமாக எழுதிய அசெம்ப்ளியைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத இடத்தில் ஃபங்ஷனுக்கு ‘யூஸ்டு’ ஆட்ரிபியூட் கொடுங்கள். ஜிசிசி நிரலைப் பல பிரிவுகளாகப் பிரித்து எழுதுவதால், ஸ்டாட்டிக் பெயர் அசெம்ப்ளி இருக்கும் பிரிவிலிருந்து விலகிப்போகலாம் என்பதை நினைவில் வைத்து, அதைப் பொதுப் பெயராக்குங்கள். லைப்ரரியிலிருந்து ஓர் உறுப்பு கட்டாயம் வர வேண்டுமென்றால் லிங்கரின் ‘அன்டிஃபைன்டு’ விருப்பத்தால் அந்தப் பெயரை நீங்களே கேளுங்கள். பகிர்வு லைப்ரரி செய்யும்போது ‘நோ-அன்டிஃபைன்டு’ விருப்பத்தை எப்போதும் வையுங்கள். இல்லாவிட்டால் விடுபட்ட பெயரோடு லைப்ரரி அமைதியாக உருவாகிவிடும். இயக்கமுறைமை இல்லாத சில்லுக்கு எழுதினால் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கையும் கட்டாயம் தாருங்கள். ஜிசிசி அவற்றை எந்தச் சூழலிலும் எதிர்பார்க்கிறது. அந்த நான்கும் உள்ள கோப்பை எல்டிஓ இல்லாமலும், சுழற்சியை மெம்காப்பியாக மாற்றும் செம்மையாக்கத்தை அணைத்தும் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் மெம்காப்பிக்குள் இருக்கும் சுழற்சியே மெம்காப்பி அழைப்பாகி, தன்னைத் தானே முடிவின்றி அழைத்துக்கொண்டிருக்கும்.

மறுப்புகளும் விடைகளும்

இத்தனை தொல்லைக்கு எல்டிஓவையே விட்டுவிடலாமே என்பது முதல் மறுப்பு. வேகமும் அளவும் பொருட்டில்லாத நிரலுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் பிழை எல்டிஓவில் பிறந்தது என்ற எண்ணம் சரியில்லை. பயன்படாத பகுதிகளை நீக்கும் ஜிசி-செக்‌ஷன்ஸ் விருப்பமும், லிங்கருக்குத் தெரியாத தேவையை இதேபோல் அழிக்கும். தேவை முன்பே மறைந்திருந்தது. எல்டிஓ அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

புதிய பெயர் பிறந்தால் லிங்கர் எல்டிஓவை மறுபடி ஓட்டட்டுமே என்பது இரண்டாவது. இது எளிதாக ஒதுக்கக்கூடிய மறுப்பு இல்லை, கருத்தளவில் நடக்கக்கூடியதே. ஆனால் முதல் ஓட்டத்தின் முடிவுகள் எல்லாம், இந்தப் பெயரை வெளியே யாரும் கேட்கவில்லை என்ற தீர்ப்பின் மேல் எடுக்கப்பட்டவை. தீர்ப்பு மாறினால் அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் வேறு புதிய பெயர்கள் பிறக்கலாம். பெரிய நிரல்களில் எல்டிஓ ஓட்டம் உருவாக்கத்தின் நீண்ட கட்டங்களுள் ஒன்று. சில ஃபங்ஷன்களை முன்கூட்டியே காத்துவைப்பதோடு ஒப்பிட்டால் இந்த விலை மிக அதிகம்.

வரையறை இல்லாத பெயர்களைப் பொருட்படுத்தாதே என்ற விருப்பம் இருக்கிறதே என்பது மூன்றாவது. அப்படி விடப்பட்ட அழைப்பு சுழி முகவரிக்குப் போகும். லினக்ஸில் நிரல் உடனே விழும். பல சில்லுகளில் சுழி செல்லுபடியாகும் நினைவக இடம் என்பதால் நிரல் விழாமல் தவறாக ஓடும். அப்படியானால் எல்லா ஃபங்ஷனுக்கும் ‘யூஸ்டு’ என்று எழுதிவிடுகிறேன் என்பது நான்காவது. எதையும் நீக்க முடியாத எல்டிஓ பெயரளவுக்கான எல்டிஓ. நேரத்தைச் செலவழித்துப் பயனை இழக்கும் வழி.

ஒரு மறுப்பு மட்டும் முழுமையாக ஏற்கத்தக்கது: லிப்சி, லிப்ஜிசிசி போன்ற அடித்தள லைப்ரரிகளை எந்திர மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது. மெம்காப்பி போன்றவற்றின் பொருளைக் கம்பைலர் ஏற்கெனவே அறிந்திருப்பதால், அவற்றின் உடலைப் பிட்கோடாகக் கொடுத்துக் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் சிறிது. ஜிசிசியின் இடைநிலை வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது இன்னொரு காரணம். ஃபெடோரா தன் ஸ்டாட்டிக் லைப்ரரிகளில் இரு வடிவங்களையும் சேர்த்து உருவாக்கி, வெளியிடும் முன் இடைநிலை வடிவத்தை நீக்கிவிடுவது இதனால்தான். பிறருக்குக் கொடுக்கும் லைப்ரரிக்கு நீங்களும் அதையே செய்யுங்கள்.

உங்கள் அடுத்த திட்டத்தில் எல்டிஓவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே நிரலை எல்டிஓவோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும், முடிந்தால் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உருவாக்குங்கள். விளைவு வேறுபட்டால் எந்தத் தேவை சொல்லப்படாமல் இருக்கிறது என்று தேடி, அதை மூல நிரலிலேயே எழுதுங்கள். லிங்கர் தரும் பிழையை அடக்குவதற்கு முன் அதை முழுதாகப் படியுங்கள். திருத்த வேண்டிய இடத்துக்கான வழி பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.